உங்களுக்குத் தெரியுமா? பூத்த சூரியகாந்தி திரும்புவதில்லை

சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்புவது மொட்டுப் பருவத்துச் செடிதான். பூ முழுதாக விரிந்ததும் அந்த அசைவு நின்று, கிழக்கே பார்த்தபடி நிலைத்துவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் இந்தப் பூக்களுக்கு, மேற்கே திருப்பி வைத்தவற்றைவிட ஐந்து மடங்கு தேனீக்கள் வந்ததை 2016-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

தேனீ வராவிட்டால் பதர் விதைதான் மிஞ்சும். பல ரகங்களில் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்கு உதவாது. அதனால்தான் பூக்கும் நாட்களில், காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் ஒரு பூவை மெதுவாக ஒற்றி, அடுத்ததிலும் ஒற்றச் சொல்கிறார்கள் வேளாண் அலுவலர்கள். அந்த நேரத்தில் பூச்சிமருந்து தெளிப்பது தேனீயையும் கொல்லும், மகசூலையும் குறைக்கும். தயவுசெய்து வேண்டாம்!

உறைபனி இல்லாத நம் சமவெளியில் ஆடிப்பட்டத்தில் மானாவாரியாகவும், மார்கழிப் பட்டத்தில் இறவையிலும் விதைக்கலாம். தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்து வயல்களைப் பார்க்கக் கேரளத்திலிருந்தும் கூட்டம் வருகிறது. பூத்தலையின் பின்புறம் மஞ்சளானால் அறுக்கலாம். தாமதித்தால் கிளிகள் முந்திக்கொள்ளும்.