பேரப்பிள்ளைக்கு வேஷம் கட்டுவோம், கடன் வாங்காமல்!

ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். அதே நாள்தான் முதியோர் தினமும். இந்த நாளையொட்டி முன்பள்ளிகளிலும் பிள்ளை மடுவங்களிலும் வினோத உடைப் போட்டி வைப்பதுண்டு. சரஸ்வதி பூசை, விளையாட்டு விழா என்று வருசத்தில் இன்னும் ஒன்றிரண்டு தடவையும் டீச்சரிடமிருந்து துண்டு வரும்: "பிள்ளைக்கு வேஷம் போட்டு அனுப்பவும்."

துண்டு அம்மாவுக்குத்தான் வரும். ஆனால் வேலை பாட்டியின் தலையில் விழும். அம்மா காலையில் மலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் லயத்துக்கு வருவார். சில வீடுகளில் அம்மா வெளிநாட்டில் இருக்கிறார், பாட்டிதான் எல்லாம்.

ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். ஒரு பிள்ளைக்கு டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்த ராஜா உடுப்பு. கிரீடத்துக் கம்பி நெற்றியில் கீறி, பிள்ளை அழுதுகொண்டே மேடை ஏறியது. வாடகைக் காசு கடைக் கணக்கில் வாங்கிய கடன். அதே நாளில் இன்னொரு பிள்ளை வரவே இல்லை. விசாரித்தால், "வாடகைக்கு எடுக்க வசதியில்லீங்க, அதான் காய்ச்சல்னு சொல்லிட்டோம்" என்றார் அதன் பாட்டி. நாலு வயதுப் பிள்ளை காம்பராக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. இது நடக்க வேண்டிய காரியமா? வீட்டில் கிடக்கும் பொருளே போதும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

என்னென்ன வேணும்?

பழைய சேலை, தாத்தாவின் பழைய சட்டை, கடையில் கேட்டால் கிடைக்கும் அட்டைப்பெட்டி, கழுவிய கோதுமை மாச் சாக்கு, ஊசி நூல், கத்திரிக்கோல், கொஞ்சம் மாப்பசை. அவ்வளவுதான்.

பசை காய்ச்சுவது லேசு. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அதில் ஒரு கப் சுடுதண்ணீரை ஊற்றி, சின்னத் தணலில் வைத்துக் கிண்டுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கி ஆற விடுங்கள். பூச்சி வராமல் இருக்கச் சிலர் துரிசு போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளை தொடும் பொருளில் அது வேண்டவே வேணாம்.

நாலு வேஷங்கள்

வண்ணத்துப்பூச்சி: அட்டையை நடுவில் மடித்து ஒரு பக்கச் சிறகை மட்டும் வரைந்து, மடித்தபடியே வெட்டுங்கள். விரித்தால் இரண்டு சிறகும் ஒரே அளவாக இருக்கும். பழைய சேலையின் பூப்போட்ட பகுதியை மேலே ஒட்டுங்கள். புத்தகப் பைக்கு இருப்பதுபோல் தோளுக்கு இரண்டு துணிப் பட்டி வைத்துத் தையுங்கள். சிறகு பிள்ளையின் முழங்கையைத் தாண்டி நீளக் கூடாது, வாசலில் இடிக்கும். தலையில் கொம்புக்கு ஈர்க்கு, கம்பி வைக்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தும். சுருட்டிய கடதாசியே போதும்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும்: பச்சைத் துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவில் தலை போகும் அளவுக்கு ஓட்டை வெட்டி மாட்டி, இடுப்பில் ஒரு கட்டு. அட்டையில் இரண்டு இலை, ஒரு மொட்டு வெட்டிப் பச்சைத் துணி ஒட்டுங்கள். தலையைச் சுற்றி அளந்த அட்டைப் பட்டியில் அவற்றைத் தைத்துவிட்டால் கிரீடம் தயார்.

டொக்டர்: தாத்தாவின் வெள்ளைச் சட்டை முழங்கால் வரை வரும். கையை மடித்து இரண்டு தையல் போடுங்கள். துணிக் கயிறும் பால்மா டின்னின் பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்தால் டொக்டர் குழாய். அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டாமல் சட்டைக் கொலரில் லேசாகத் தையுங்கள். எங்காவது மாட்டினால் தையல் அறும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

மீனாட்சி அம்மாள்: கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்காக அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகப் பாடியவர். ஒரு சாதாரணச் சேலை, கையில் ஒரு பாட்டுப் புத்தகம். வேஷத்தோடு நம்ம சரித்திரமும் பிள்ளைக்குத் தெரியவரும்.

கொழுந்துக்காரி வேஷம் போடலாமா?

எங்களிடம் ஓர் அம்மாயி கேட்டார்: "எப்பப் பார்த்தாலும் எங்க பிள்ளைகளுக்குக் கொழுந்துக்கூடையைத்தான் மாட்டி விடுறாங்க. என் தலையெழுத்து அவளுக்கும் வரணுமா?"

நியாயமான கேள்வி. கூடையைப் பிள்ளையின் தலையில் நாம் திணிக்கக் கூடாது. என்ன வேஷம் வேணும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். டொக்டர் என்று சொன்னால் டொக்டர். "அம்மாயி மாதிரி" என்று அதுவே ஆசைப்பட்டால், அதைக் கௌரவமாகச் செய்யுங்கள். முகத்தில் கரி பூச வேணாம், கிழிந்த உடுப்பும் வேணாம். சுத்தமான சேலை, இடுப்பில் படங்கு, தலையில் முக்காடு, முதுகில் சின்னக் கூடை. மேடையில் இரண்டு வசனம் பேசச் சொல்லிக் கொடுங்கள்: "1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கியது. எங்க அம்மாயி நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க." வருசக் கணக்கை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். தலை நிமிர்ந்து அதைச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இவற்றைச் செய்யவே கூடாது

உரச் சாக்கு, மருந்து வந்த பை, மருந்து கேன் எதையும் வேஷத்துக்கு எடுக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் மருந்து முழுதாகப் போகாது. பிள்ளையின் தோல் மெல்லியது; கையை வாயிலும் வைக்கும்.

பொலித்தீன் பையைத் தலையிலோ முகத்திலோ மாட்டக் கூடாது. ஒரு நிமிசத்தில் மூச்சு முட்டும். முகமூடியைவிட, கண்ணையும் மூக்கையும் மறைக்காத தலைப்பட்டி நல்லது.

சுவருக்குப் பூசும் பெயின்ற், மார்க்கர் பேனை முகத்துக்கு ஆகாது. கண்மையால் மீசையும் பூனை மூக்கும் வரையலாம். அதையும் முதல் நாளே மணிக்கட்டின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் விட்டுவிடுங்கள்.

நெருப்பு மிக முக்கியம். நைலெக்ஸ் சேலை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் சீக்கிரம் பற்றும். வேஷம் போட்ட பிள்ளையை அடுப்பு, குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு பக்கம் விடாதீர்கள். தப்பித் தவறித் தீப்பிடித்தால் ஓட விடாமல் கீழே படுக்கப் போட்டு உருட்டுங்கள், கம்பளியால் மூடி அணையுங்கள். பிறகு சுட்ட இடத்தில் ஓடும் பச்சைத் தண்ணீரை 20 நிமிசம் விடுங்கள். பற்பசை, எண்ணெய் பூச வேணாம். உடனே மருந்து எடுக்கக் கொண்டு போங்கள்.

அன்றைய தினம்

நம்ம மலைக்குளிரில் வேஷத்துக்கு அடியில் சுவெட்டர் போட இடம் விட்டுத் தையுங்கள். பிள்ளை ஒதுங்கப் போனால் சட்டெனக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். முதல் நாளே அரை மணித்தியாலம் போட்டு நடக்க விடுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே இறுக்குகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

தாத்தாமார் சும்மா இருக்க வேணாம். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு வேஷம் கட்டியவர்கள் உங்களில் எத்தனை பேர்! முடி கட்டுவதும் பொட்டு வைப்பதும் அடியெடுத்து ஆடுவதும் உங்களுக்குத் தெரியாததா? பாட்டிக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாவிட்டால் மூத்த பேரன் கோர்த்துக் கொடுக்கட்டும். லயத்தில் நாலு வீட்டுப் பெரியவர்கள் ஓர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒன்றாக உட்கார்ந்தால், ஒரு பெட்டி அட்டையில் நாலு பிள்ளைக்கும் வேஷம் தயார்.

டீச்சர்மாருக்கும் ஒரு வார்த்தை. துண்டு எழுதும்போது "வீட்டில் செய்த உடுப்பு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எந்தப் பிள்ளையும் கதவுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்காது.

பரிசு ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். ஆனால் "இது எங்க பாட்டி தைச்சது" என்று எல்லாப் பிள்ளையும் சொல்லலாமே!