நிறமும் நிறையும்

உயரத்தை அளக்க அளவுகோல் உண்டு. எடையை அறியத் தராசு உண்டு. அழகை அளக்கவோ கருவி இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுகின்றனர் என்று உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954ஆம் ஆண்டில் விளக்கினார்.

வணிகம் இவ்வியல்பை நன்கு அறியும். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சின் விளம்பரங்கள், வேலையும் திருமணமும் வெண்மையால் வாய்ப்பதாகக் காட்டின. தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காப்பது. காவலைக் குறையாகக் கருதச் செய்ததே அவ்விளம்பரங்களின் வெற்றி.

மறுப்பும் தமிழகத்திலேயே எழுந்தது. சென்னையில் கவிதா இம்மானுவேல் நிறுவிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணைநின்றார். கறுத்தோரைத் தாழ்ந்தோராகக் காட்டலாகாது என 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறிமுறை வகுத்தது. 2020இல் அப்பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது.

எனினும் ஒப்பீடு நீங்கவில்லை. இன்று கைப்பேசித் திரையில் மாணவர் காண்பது பெரும்பாலும் பிறர் முகமன்று, திருத்தப்பட்ட படம். அதனோடு தம் முகத்தை ஒப்பிடுவது எங்ஙனம் நீதியாகும்? பெரியோரும் பிள்ளைகளின் நிறத்தையும் உடலையும் ஒப்பிட்டுப் பேசுதல் தவிர்க்கத்தக்கது. உருவத்தால் எவரையும் இகழலாகாது என்பதற்குத் தேரின் அச்சாணியை உவமை காட்டினார் வள்ளுவர்.

சென்னிமலைக் கைத்தறிப் போர்வையை வாங்குவோர் நிறத்தோடு நில்லாமல், நூலின் தரத்தையும் நெசவின் நெருக்கத்தையும் தொட்டுப் பார்ப்பர். துணிக்குக் காட்டும் அந்நிதானத்தை மனிதர்க்கும், முதற்கண் நமக்கும் காட்டுவோமாக!