நோவில்லாமல் போகும் பார்வை: விழித்திரைப் படம் ஏன் அவசியம்?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நீரிழிவுடன் வாழ்வோர் பலர். இந்நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும். தொடக்கத்தில் நோவும் இராது, மங்கலும் இராது. பார்வை குறைந்த பின்னர் வருவோருக்கு இழந்ததை முழுமையாக மீட்பது கடினம்.

விழித்திரைப் படம் இக்கசிவை முன்கூட்டியே காட்டும். 1991இல் அறிமுகமான ஓ.சி.ரி. முறை, தெறித்து வரும் ஒளியை அளந்து விழித்திரையின் அடுக்குகளைத் தனித்தனியே காட்டுகிறது. இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலும் சிறிய மாற்றத்தைப் பிடிக்கின்றன.

உடலில் எறிகணைச் சிதறல் தங்கியவர்களும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. பரிசோதனையின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். விழித்திரைப் படத்துக்கோ ஒளி மட்டுமே பயன்படுகிறது. ஆனால் கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துண்டு பல ஆண்டுகள் கழித்தும் விழித்திரையைப் பழுதாக்கலாம். ஆகவே போர்க்காலக் காயத்தை, ஆறிவிட்டதென்று விடாமல், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் கிளினிக்கில் விழித்திரையைப் பரிசோதிப்பது நல்லது. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.