காலித் தோட்டாவை நிரப்பினால் காசு மிச்சமா?

அத்திப்பட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்களுக்கு நிலக்கடலைக் காடு இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. அங்கே அண்ணனிடம் உரிமம் பெற்ற 12 போர் துப்பாக்கி உள்ளது. தோட்டா விலை கட்டுபடியாகவில்லை. சுட்ட தோட்டாவை நாமே நிரப்பிக்கொள்ளலாமா?’

முதலில் கணக்கைப் பார்ப்போம். சுட்ட பிறகு மிஞ்சுவது வெறும் கூடுதான். கேப்பு, மருந்து, ஈயக் குண்டு எல்லாம் புதிதாக வேண்டும். அழுத்தும் கருவி, நுட்பத் தராசு தனி. இவற்றுக்கு 40,000 ரூபாய் முதல் போட்டு, தோட்டாவுக்கு 40 ரூபாய் மிச்சமாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலை எடுக்கவே 1,000 தோட்டா சுட வேண்டும். வருஷத்துக்கு 20 சுடுகிறவருக்கு 50 வருஷம் ஆகும்! வெளிநாடுகளில் நிரப்புகிறவர்கள் பலர் போட்டிக்காக ஆயிரக்கணக்கில் சுடுகிறவர்கள். அவர்கள் கணக்கு வேறு, காடு காக்கிறவர் கணக்கு வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை; ஆயுள் வரையும் போகலாம். உரிமம் கொடுத்த அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள்.

மருந்து சற்றுக் கூடினால் குழல் வெடித்து, கையும் கண்ணும் போகும். அந்த ஆஸ்பத்திரிச் செலவை எந்த மிச்சத்தாலும் ஈடுகட்ட முடியாது.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வேறு வகை. பயிர்ப் பாதுகாப்புக்காக அதற்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் இடம் உண்டு. அது போதாது என்று அதிகாரி கருதினால், வேறு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். ஆனால் எதற்கு உரிமம் வாங்கியிருந்தாலும், பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது.

பன்றியை யார் சுடலாம்?

காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு இது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும், விவசாயி அல்ல. ஆகவே நிரப்பிய தோட்டா உங்கள் அண்ணனுக்குப் பயன்படப் போவதில்லை.

செய்ய வேண்டியது

* காப்புக்காட்டு எல்லையிலிருந்து உங்கள் நிலம் எத்தனை கி.மீ. என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, பன்றித் தொல்லை பற்றி மனு கொடுங்கள். மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
* சேதமான செடிகளை அன்றே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.
* கருவிக்குப் போடும் முதலை வேலிக்குப் போடுங்கள். சூரிய மின்வேலிக்கு மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள். காப்புக்காட்டுக்கு அருகே என்றால் வனத்துறை அனுமதியும் தேவை.
* வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடாதீர்கள். நாட்டு வெடி வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்ததில் மாடும் மனிதரும் மாட்டுவார்கள்.

தோட்டா ஒரு ராத்திரிக்குத்தான். வேலி போட்டால் பல போகத்துக்கு நிற்கும்.