மழையை எண்ணும் கருவியும் நமது லயமும்



சென்சர் என்ற சொல் இப்போது எல்லோர் வாயிலும் வருகிறது. தமிழில் இதை உணரி என்கிறார்கள். பெரிய படிப்பு படித்தவர்களின் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பல தோட்டங்களில் கொழுந்து நிறுக்க இப்போது மின்னணுத் தராசு வந்துவிட்டது. அதற்குள் இருப்பதும் ஓர் உணரிதான். கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டதும் உள்ளே இருக்கும் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதனால் அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடும் அளவும் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் தராசு கிலோவாகக் காட்டுகிறது.

டவுனில் சில கடை வாசல்களில் ஆள் வந்தால் லைட் தானாக எரியும். மனித உடம்புச் சூட்டை உணர்ந்து திருடனைக் காட்டிக்கொடுக்கும் காவல் உணரி அது. ஆக, ஒரு மாற்றத்தை உணர்ந்து அதைச் சைகையாகத் தருவதே உணரியின் வேலை.

இம்முறை நாம் பேசப்போவது திருடனைப் பிடிக்கும் உணரியைப் பற்றி அல்ல. நம் தலைக்கு மேலே இருக்கும் மலையைக் காவல் காக்கும் உணரிகளைப் பற்றி.

ஏன் இதைப் பேச வேண்டும்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் சனங்கள் அங்கேதான் இருந்தார்கள். போய் இருக்க வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்ததையும் நாம் மறக்க முடியாது.

மழையை எண்ணும் சின்ன வாளிகள்

மண்சரிவுக்குப் பெரும்பாலும் காரணம் மழைதான். தண்ணீர் ஊற ஊற மண்ணின் பாரம் கூடும், பிடிப்பு குறையும். அதனால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டில் பல இடங்களில் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. வேலி போட்ட சின்ன இடத்தில், சூரிய ஒளித் தகட்டோடு நிற்கும் கம்பத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அதன் புனலுக்குக் கீழே ஏத்தம் இறக்கம் ஆடும் பலகை மாதிரி இரண்டு குட்டி வாளிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மழைக்குச் சமம். கருவி அந்தச் சாய்வுகளை எண்ணிக் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும்.

வெடிப்பை அளக்கும் கம்பி

ஏற்கெனவே வெடித்திருக்கும் சில சரிவுகளில் இன்னொரு வகை உணரி வைப்பார்கள். வெடிப்புக்கு ஒரு பக்கத்தில் கம்பியின் நுனியைக் கட்டி, மறு பக்கத்தில் உள்ள பெட்டியோடு இழுத்துப் பூட்டுவார்கள். வெடிப்பு விரிந்தால் கம்பி இழுபடும். இழுவை குறித்த அளவைத் தாண்டினால் சங்கு ஒலிக்கும்படியும் செய்யலாம்.

அந்தக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது. ஆடு மாடு கட்டக் கூடாது. மழைமானியின் புனலில் இலை அடைத்தாலோ, பிள்ளைகள் கல் போட்டாலோ கணக்குப் பிழைக்கும். ஊர் முழுதும் ஏமாந்து போகும்.

எவ்வளவு மழைக்கு என்ன செய்வது?

அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு பொதுவாக இதுதான்:

24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. (ஏறக்குறைய 3 அங்குலம்) - விழிப்பாக இருங்கள்.
100 மி.மீ. (4 அங்குலம்) - புறப்படத் தயாராகுங்கள்.
150 மி.மீ. (6 அங்குலம்), அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. - வெளியேறுங்கள்.

வானொலியில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிப்பது இந்தப் படிகளைத்தான்.

ஆனால் ஒரு விஷயம். மழைமானி இருக்கும் இடத்தில் தூறும்போது உங்கள் டிவிசனில் கொட்டலாம். ஆகவே லயத்துக்கு ஒன்று நாமே செய்து வைப்போம். நேரான பக்கம் கொண்ட பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி செருகுங்கள். அடியில் சின்னக் கற்கள் போட்டு, அவை மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அதற்கு மேலே பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளக்கலாம். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில் அசையாமல் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து, கொப்பியில் எழுதி, மறுபடி கோடு வரை விடுங்கள். பெருமழை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இந்தப் பொறுப்பை எடுத்தால் போதும்.

கருவி இல்லாமலும் மலை சைகை காட்டும். சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, திடீரென்று இறுகிப்போகும் கதவு, சாயும் மரங்கள், புதிதாகக் கிளம்பும் ஊற்று, ஓடிய ஊற்று நின்றுபோவது, கலங்கி வரும் தண்ணீர். இவற்றைக் கண்டால் மழை அளவு எட்டவில்லையே என்று நிற்காதீர்கள்.

"போன தடவையும் போகச் சொன்னாங்க, ஒண்ணும் ஆகலியே"

லயத்துக்கு லயம் போகும்போது நாங்கள் அதிகம் கேட்கும் பேச்சு இது. இதில் நியாயம் இருக்கிறது. பாடசாலை மண்டபத்தில் கைக்குழந்தையோடு படுப்பது லேசான காரியம் இல்லை. வீட்டுச் சாமான் களவு போகும் என்ற பயமும் உண்டு. ஆனால் மழைமானி அளப்பது மழையை மட்டுந்தான். மலை ஆபத்தான நிலைக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல முடியும். எத்தனை மணிக்கு இறங்கும் என்று அதனால் சொல்ல முடியாது. ஒன்பது தடவை வீணாகப் போய் வந்தால் போனது ஒன்பது இரவுத் தூக்கம். பத்தாவது தடவை போகாமல் இருந்தால் போவது என்ன என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்கள், மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். நடக்க முடியாத ஆத்தாவை, தாத்தாவை யார் தூக்குவது என்று இப்போதே பேசி வையுங்கள். மழை விட்டதும் ஓடி வராதீர்கள். மழை நின்ற பிறகும் மண் சரியும். அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உணரி வைத்துவிட்டார்கள் என்பதால் ஆபத்தான சரிவில் லயம் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் இடத்தில் சந்தேகம் இருந்தால், பரிசோதிக்கும்படி கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.