தூக்கும் சுமையும் முதுகெலும்பும்

எந்திரத்தில் விரல் அகப்பட்டு நசுங்கினால் அது விபத்து என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். காயம் கண்ணுக்குத் தெரிகிறது, பதிவேட்டிலும் ஏறுகிறது. ஆனால் பளுவான மோட்டாரையோ இரும்பு வார்ப்பையோ தூக்கும்போது இடுப்பு 'பிடித்துக்கொண்டால்', பெரும்பாலோர் அதைச் சுளுக்கு என்று கருதித் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்துவிடுகின்றனர். சில மாதங்கள் கழித்து நிமிர முடியாத நிலை வரும்போது, அது வேலையால் வந்தது என்று நிறுவுவது கடினமாகிவிடுகிறது. இத்தகைய காயம் எவ்வாறு உண்டாகிறது, காயமுற்றவருக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது என்பவற்றை இங்குக் காண்போம்.

முதுகெலும்பின் அமைப்பு

கழுத்திலிருந்து இடுப்பு வரை அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24 உள்ளன. பெரும்பாலும் ஒவ்வோர் இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தை போன்ற ஒரு தட்டு இருக்கிறது. இதன் நடுவில் நீர் நிறைந்த கூழ். அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக நார் வளையங்கள். நாம் முன்னோக்கிக் குனியும்போது தட்டின் முன்புறம் அழுந்துகிறது. கூழ் பின்புறம் நோக்கித் தள்ளப்படுகிறது.

வளையங்களின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. ஆகவே உள்ளே கீறல் விழத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. வெளி வளையம் வரை கீறல் எட்டும்போதுதான் வலிக்கிறது. கூழ் பிதுங்கிப் பக்கத்து நரம்பை அழுத்தினால் வலி தொடை, கால் வரை இறங்கும். தட்டுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆதலால் அது எளிதில் ஆறுவதுமில்லை.

நெம்புகோல் கணக்கு

20 கிலோ எடையுள்ள பொருள் முதுகெலும்பின் மீது 20 கிலோ அழுத்தத்தைத்தானே தரும் என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. முதுகெலும்பு இங்கு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகச் செயல்படுகிறது. முன்புறம் சுமை இருக்கிறது. பின்புறம் முதுகுத் தசை இழுக்கிறது. தசை தாங்குபுள்ளியிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. சுமையோ, கையை நீட்டிப் பிடித்தால், 50 செ.மீ. தொலைவில் இருக்கிறது. அதாவது பத்து மடங்கு. எனவே 20 கிலோ சுமையைச் சமன்செய்யத் தசை 200 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும்.

குனிந்த நிலையில் மேலுடம்பின் எடையும் இதனுடன் சேர்கிறது. மேலுடம்பு 35 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் 20 செ.மீ. முன்னே உள்ளது என்றும் கொண்டால், அதற்காக இன்னும் 140 கிலோ விசை தேவை. சுமையின் எடையையும் உடம்பின் எடையையும் கூட்டினால் கீழ்முதுகுத் தட்டின் மீதான அழுத்தம் ஏறத்தாழ 395 கிலோ ஆகிறது. அதே சுமையை உடம்போடு ஒட்டி 25 செ.மீ. தொலைவில் பிடித்து, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கினால் இது 190 கிலோவாகக் குறைகிறது. இது மிகவும் எளிமையாக்கிய கணக்கே. எனினும் சுமை மாறாமலே அழுத்தம் பாதியாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சும்மாடு வைத்துத் தலையில் சுமப்பவருக்கு எடை முதுகெலும்பின் நேர்மேலே அமைவதால் இந்த நெம்புகோல் விளைவு குறைவு. ஆயினும் கழுத்து எலும்புகள் அழுந்துகின்றன. சுமையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1981இல் வெளியிட்ட வழிகாட்டியில், தட்டின் மீதான அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது என்று கூறியது. இது சுமார் 350 கிலோ விசைக்குச் சமம். 1991இல் திருத்தப்பட்ட முறைப்படி, எல்லா நிலைமைகளும் சாதகமாக உள்ளபோதே 23 கிலோதான் மேல்வரம்பு. தூரமும், திரும்பும் கோணமும், தூக்கும் தடவைகளும் கூடக்கூட இவ்வரம்பு குறையும்.

நம் நாட்டில் கட்டடத் தொழிலாளருக்கான 1998ஆம் ஆண்டின் மத்திய விதிகள் வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என வரையறுத்தன. ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ! ஆகவே சட்ட வரம்புக்குள் தூக்கினாலே உடம்புக்குத் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. செயின் பிளாக், தள்ளுவண்டி, ஜாக்கி ஆகியவை சோம்பேறிகளின் கருவிகள் அல்ல, முதுகெலும்பின் காவலர்கள்.

யார் பொறுப்பு?

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஓர் இறைச்சிக் கடையில் வேலைசெய்த பிரீஸ்ட்லி என்னும் இளைஞர், அளவுக்குமீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தார். கடைக்காரரிடம் இழப்பீடு கேட்ட அவருக்கு எதிராகவே மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தை அறிந்தவர் அந்த வேலையை மறுத்திருக்கலாம் என்பது நீதிமன்றத்தின் வாதம்! மறுத்தால் பிழைப்பு என்னாவது என்பதை அது எண்ணவில்லை.

இந்நிலை மெல்ல மாறியது. 1884இல் ஜெர்மனியும், 1897இல் இங்கிலாந்தும், 1923இல் இந்தியாவும் சட்டம் இயற்றின. முதலாளியின் தவறு என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும் என்பதே இச்சட்டங்களின் அடிப்படை. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது.

இழப்பீட்டுக் கணக்கு

நிரந்தரமாக முற்றிலும் வேலை செய்ய இயலாதவருக்கு, மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்குகின்றனர். 40 வயதுக்குக் காரணி 184.17. ஊதியம் 12,000 ரூபாய் எனில் 7,200 × 184.17 = 13,26,024 ரூபாய். முதுகுக் காயத்தால் உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட்டால், இத்தொகையில் 30 விழுக்காடு, அதாவது சுமார் 3,97,800 ரூபாய் கிடைக்கும். சிகிச்சைச் செலவு தனி. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) சேர்ந்தவருக்கு இழப்பீடு அக்கழகத்திலிருந்து வருகிறது, வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கப்படுகிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவரும் முதன்மை நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம்.

செய்ய வேண்டியவை

இடுப்பில் வலி தோன்றிய அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். எந்தப் பொருளை, எங்கே, எத்தனை மணிக்குத் தூக்கினோம், உடன் இருந்தவர் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். மருத்துவரிடமும் வேலையின்போது நேர்ந்தது என்று சொல்லிச் சீட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். நிறுவனம் மறுத்தால், காலம் தாழ்த்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தையோ தொழிற்சங்கத்தையோ அணுகலாம்.

கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கு எழுத்தே சாட்சி. வீட்டில் பளு தூக்கும் வேலைக்குச் செல்வோர் இருப்பின், மாணவர்கள் இந்தச் செய்தியை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக.