ஃபார்மட் அடிப்பதற்கு முன்

அக்காவின் கடை கோர்ட் வாசலில் இருக்கிறது. மனு, வக்காலத்து, பத்திர நகல் என்று நாள் முழுக்க டைப்பிங் வேலை. அங்கிருக்கும் கம்ப்யூட்டர் ஆறு மாதமாக ஹேங் ஆகிக்கொண்டிருந்தது. சில நாள் தானாகவே ரீஸ்டார்ட்டும் ஆகும். சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் இரண்டு முறை ஃபார்மட் அடித்துத் தந்தார்கள். முதல் முறையிலேயே நான்கு வருட மனு ஃபைல்கள் போய்விட்டன. கோளாறு போகவில்லை. இதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஃபார்மட் அடித்தால் விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் தடயங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். அதனால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். முதலில் செய்தது பேக்கப். கோளாறு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எந்த ஆன் கடைசி ஆன் என்று யாருக்கும் தெரியாது. முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைக்கும்வரை எந்தச் சோதனையும் வேண்டாம்.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு. "எப்பக்கா நிக்குது?" என்று கேட்டால், "எப்பப் பார்த்தாலும் நிக்குதுடா" என்றுதான் பதில் வரும். ஒரு வாரம் எழுதச் சொன்னேன்: தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், எப்படி நின்றது. இந்த 'எப்படி'யில்தான் பாதி விடை இருக்கிறது. மவுஸ் நகர்கிறது, எதைத் தொட்டாலும் திறக்கவில்லை, பெட்டியில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். மவுஸும் நின்று, மூலையில் மணியும் நின்றுவிட்டால் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டு விளக்கு மாறவே இல்லையென்றால் மெஷின் முழுதாக உறைந்திருக்கிறது. ரேம், சூடு, டிரைவர், மதர்போர்டு பக்கம் போக வேண்டும். பொட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆனால் கரண்ட் வருகிற வழியையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீலத் திரை வந்தாலும் விண்டோஸ் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடும், கண்ணில் படாது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'க்குப் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டேன். இனி நீலத் திரை வந்தால் நிற்கும். அதிலிருக்கும் எரர் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தேன். பதினொரு வரிகள். ஏழு முறை மணியோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. நான்கு முறை அணைந்து எழுந்திருக்கிறது. நீலத் திரை ஒருமுறைகூட இல்லை. அந்த நான்கு வரியிலும் அக்கா எழுதியிருந்த வார்த்தை ஒன்றே: பிரிண்ட். அப்போதுதான் இரண்டு கோளாறு கலந்து கிடக்கிறது என்று புரிந்தது.

விண்டோஸ் எழுதி வைக்கும் தடயங்களைக் காட்டும் ஈவண்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று வரிசையாக இருந்தது. பலர் இதைப் பார்த்ததுமே கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுகிறார்கள். போன முறை மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த 41 வேறெதையும் சொல்வதில்லை. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

டிஸ்க்கை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன். கெட்டுப்போன செக்டர்களை எண்ணும் 05, சி5 இரண்டின் ரா மதிப்பும் பூஜ்யம், டிஸ்க்கில் குறை தெரியவில்லை. கேபிள் வழி வரும் பிழைகளை எண்ணும் சி7 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிறகு பெட்டியைத் திறந்தேன். ப்ராசஸர் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ப்ளோயரில் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். ஹீட்சிங்கின் நான்கு கால்களில் ஒன்று சரியாகப் பதியாமல் தூக்கி நின்றது. கழற்றி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். முழு வேலையில் 88 டிகிரி வரை போன சூடு 64-க்கு இறங்கியது. ஆனாலும் மறுநாள் மெஷின் உறைந்தது. இப்படி ஒன்றைச் செய்துவிட்டுக் காத்திருந்து பார்ப்பது முக்கியம். ஒரே நாளில் நாலு விஷயத்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியவே தெரியாது.

அடுத்தது ரேம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு இரண்டு 4 ஜிபி ரேமையும் எடுத்தேன். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துணியால் தட்டிவிட்டு, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்திப் போட்டேன். கருத்துப்போன பல்லால் வரும் கோளாறு இதிலேயே சரியாகிவிடும். இங்கே ஆகவில்லை. பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். ரேம் சோதனையில் ஒரு எரர் வந்தாலும் எரர்தான், 'கொஞ்சம்தானே' என்று விடக்கூடாது. ஒவ்வொன்றாகத் தனியே போட்டதில் ஒன்று தேறியது, மற்றது பத்தே நிமிடத்தில் சிவந்தது. நல்ல ரேமை அடுத்த ஸ்லாட்டிலும் போட்டு, ஸ்லாட்டில் பழுதில்லை என்று உறுதி செய்த பிறகே கெட்டதை ஒதுக்கினேன்.

மிச்சம் அந்த பிரிண்ட். மேசைக்கடியில் குனிந்தால் கம்ப்யூட்டர், மானிட்டர், லேசர் பிரிண்டர் மூன்றும் ஒரே 600 விஏ யூபிஎஸ்ஸில் சொருகியிருந்தது. லேசர் பிரிண்டர் தூங்கி எழுந்து முதல் பக்கம் எடுக்கும்போது, டோனர் பொடியை உருக்கும் ஹீட்டர் ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும். சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காது. "ஒரு பேப்பர் விடுக்கா" என்றேன். ரோலர் சுற்றியது, யூபிஎஸ் 'கீ' என்று கத்தியது, திரை அணைந்தது. பிரிண்டரைப் பிடுங்கி நேராகச் சுவர் பிளக்கில் சொருகினேன். மூன்று முறை, நடுவே பத்து நிமிடம் விட்டு விட்டு பிரிண்ட் கொடுத்தோம். அணையவில்லை. இதற்கப்புறமும் அணைந்திருந்தால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்திருப்பேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு உறைந்தால்தான் சாஃப்ட்வேர் பக்கம்: டிரைவர், சேஃப் மோட், சிஸ்டம் ஃபைல் சோதனை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஃபார்மட். அக்கா கடையில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஒரே 4 ஜிபி ரேமில் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, அடுத்த மாதம் இன்னொன்று வாங்க வேண்டும். நோட்டில் அதன்பின் புது வரி எதுவும் எழுதப்படவில்லை.